முகிலுக்கு ஒரு படலை

முகிற் கணிமை என்று ஒரு சொல் இக்காலத்தில் எல்லார் வாயிலும் அடிபடுகின்றது. வங்கிக்குப் போனாலும், கைத்தொலைபேசிக் கடைக்குப் போனாலும், பிள்ளைகளின் பாடக்குறிப்பைப் புரட்டினாலும் அச்சொல்லே எதிர்ப்படுகின்றது. பெயரைக் கேட்டோர் வானத்திலே ஏதோ ஒரு மாயக் களஞ்சியம் மிதந்துகொண்டிருப்பதாக எண்ணினால் அவர்மேற் குற்றமில்லை, பெயரிட்டவர்மேலேதான் குற்றம். முகில் எனப்படுவது சிங்கப்பூரிலோ, பிராங்போட்டிலோ, மும்பாயிலோ நிலத்தின்மேற் கட்டப்பட்ட ஒரு பெரிய மண்டபம். உள்ளே வரிசை வரிசையாகக் கணினிகள், அவற்றைக் குளிர்விக்கும் யந்திரங்கள், மின்சாரம் தடைப்பட்டால் உடனே இயங்குதற்கு டீசல் மின்பிறப்பாக்கிகள், வாயிலிலே காவலர். அக்கணினிகளில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்து, இணையத்தின் வழியே தூரத்திலிருந்து பயன்படுத்துவதையே இப்பெயரால் அழைக்கின்றனர்.

வாடகை வீட்டுக்குக் குடிபோகின்ற குடும்பம் சாமான் முழுவதையும் ஒரே நாளிற் கொண்டுபோவதில்லை. பாட்டியின் பெட்டகமும், உரலும், காணி உறுதிகளும் சிலகாலம் பழைய வீட்டிலேயே கிடக்கும். பெரிய கம்பனிகளின் நிலையும் இதுவே. இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த கணக்குகள், சம்பளப் பதிவுகள், களஞ்சிய இருப்புகள் யாவும் கம்பனியின் சொந்தக் கட்டடத்துக் கணினியில் இருக்கின்றன. புதிதாக எடுத்த தரவுத்தளமோ முகிலில் இருக்கின்றது. முகிலில் உள்ளது வீட்டில் உள்ளதைப் பார்க்க வேண்டும். பார்த்து, கூட்டிக் கழித்து, கேட்போர்க்கு விடை சொல்ல வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே வழி அமைப்பது எவ்வாறு என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

இதனை எடுப்பதற்குக் காரணராயிருந்தவர் ஒரு பழைய மாணவர். உயர்தர வகுப்பிற் கணிதம் படித்துப் பல்கலைக்கழகஞ் சென்று, இன்று கொழும்பிலே ஒரு கம்பனியின் கணினிப் பிரிவில் உத்தியோகம் பார்க்கின்றார். அவர் பெயரும் கம்பனியின் பெயரும் நமக்கு வேண்டியதில்லை. அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது: “ஐயா, ஜேர்மன் நாட்டு எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் ஹானா என்னும் தரவுத்தளச் சேவையை எங்கள் கம்பனி முகிலிலே வாடகைக்கு எடுத்திருக்கின்றது. அதனை எங்கள் கட்டடத்திலுள்ள தரவுத்தளத்தோடு இணைக்கும் பொறுப்பை என்னிடம் தந்துள்ளார்கள். திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டுமாம். தலைமைப் பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து எல்லாவற்றையும் திறந்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கின்றார் முகாமையாளர். அத்தளத்திலே தொழிலாளர் எல்லாருடைய சம்பளமும், அடையாள அட்டை இலக்கமும், வங்கிக் கணக்கு இலக்கமும் இருக்கின்றன. நான் என்ன செய்வது?”

அவருக்குத் தனியே விடை எழுதியாயிற்று. ஆயினும், நம் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய உத்தியோகங்களுக்கே போகின்றனர். அவர்கள் திறக்கும் கதவுகளுக்குப் பின்னாலிருப்பவை நம் வீட்டுச் சம்பளப் பட்டியல்களே. ஆதலின் இது ஒருவருடைய கடிதத்தோடு முடியும் காரியமாகத் தோன்றவில்லை.

முதலில் அந்த நிறுவனத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த ஐந்து ஜேர்மானியர் அவ்வேலையை விட்டு வெளியேறித் தனியே ஒரு சிறு தொழிலைத் தொடங்கினர். ஹாசோ பிளட்னர், டீற்மார் ஹொப், கிளவுஸ் சீரா, கிளவுஸ் வெல்லன்றொய்தர், ஹான்ஸ் வேர்ணர் ஹெக்டர் என்போர் அவ்வைவர். சொந்தமாக ஒரு கணினி வாங்க அவர்களிடம் பணமில்லை. ஒஸ்றிங்கன் என்னும் ஊரிலிருந்த ஐ.சி.ஐ. கம்பனியின் நைலோன் தொழிற்சாலையே அவர்களுடைய முதல் வாடிக்கையாளர். அத்தொழிற்சாலையின் கணினியிலேயே, அது ஓய்ந்திருக்கும் இரவு வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும், தம் மென்பொருளை எழுதினர். கணக்கு ஒரு பேரேட்டிலும், கொள்வனவு வேறொரு பேரேட்டிலும், சம்பளம் இன்னொன்றிலும் சிதறிக்கிடவாமல் யாவும் ஒரே ஒழுங்கில் நடைபெறவேண்டும் என்பதே அவர்கள் கொண்ட எண்ணம். இன்று உலகின் மிகப்பெரிய கம்பனிகள் பல தம் கணக்கை அந்நிறுவனத்தின் மென்பொருளிலேயே நடத்துகின்றன. இலங்கையிலும் அதனைக் கையாளும் கம்பனிகள் உண்டு.

ஹானா என்பது அந்நிறுவனம் 2010ஆம் ஆண்டில் அறிவித்து, 2011இல் விற்பனைக்கு விட்ட தரவுத்தளம். அதன் சிறப்பை விளங்க வகுப்பு இடாப்பைப் போன்ற உதாரணம் வேறில்லை. ஒரு வகுப்பிலே 40 மாணவர், 9 பாடங்கள் என்போம். புள்ளிகள் 360. ஒரு மாணவனின் தேர்ச்சி அறிக்கையை எழுதுவதானால் அவனுடைய வரியை மட்டும் வாசித்தாற் போதும். ஆனால், கணித பாடத்தின் சராசரி யாது என்று அதிபர் கேட்டால், நாற்பது வரிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் எட்டைத் தள்ளி ஒன்றை எடுக்கவேண்டும். பழைய தரவுத்தளங்கள் பெரும்பாலும் வரி வரியாகவே எழுதிவைப்பவை. ஹானாவோ நிரல் நிரலாக எழுதி வைக்கவல்லது. கணிதப் புள்ளிகள் நாற்பதும் அடுத்தடுத்துக் கிடக்கும். ஊர்ப் பெயர் போன்ற நிரலிலே ஒரே சொல் நூறு முறை வருமாயின் அச்சொல்லை ஒருமுறை எழுதிவிட்டு, ஏனைய இடங்களிற் சிறு எண்ணை மட்டும் இட்டு இடத்தையும் மிச்சப்படுத்தும். இதற்கு மேலாக, தரவு முழுவதையும் தட்டிலிருந்து தேடியெடாமல் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு வேலை செய்யும். மின்சாரம் போனால் நினைவகம் அழிந்துபோகுமே என்று கேட்கும் மாணவன் கெட்டிக்காரன். அதற்காகவே ஒவ்வொரு மாற்றத்தையும் தட்டிலும் குறித்துக்கொள்கின்றது.

இனி, வழி அமைக்கும் விஷயத்துக்கு வருவோம்.

எந்தக் கம்பனியும் தன் கணினிகளைச் சுற்றித் தீச்சுவர் எனப்படும் ஒரு வேலியை வைத்திருக்கும். வெளியேயிருந்து வருகின்ற அழைப்புகளைத் தடுப்பது அதன் முதல் வேலை. உள்ளே இருப்பவர் வெளியே போய் ஒரு பக்கத்தைப் பார்த்துவருவதைப் பெரும்பாலும் அது தடுப்பதில்லை. முகிலிலுள்ள தரவுத்தளம் உள்ளே வரவேண்டுமானால் வேலியிலே ஒரு பொட்டு வைக்கவேண்டும் என்றே முதலில் எவருக்கும் தோன்றும். ஒரு காலத்திற் பலர் அவ்வாறே செய்தனர். ஆனால், பொட்டு ஒன்றை வைத்துவிட்டால், நாம் அழைத்தவர் மட்டுமா அதனூடாக வருவார்? அயலார் கோழியும் வரும், ஆடும் வரும், கள்வனும் வருவான். இணையத்திலே திறந்து கிடக்கும் துறைகளைத் தேடிக்கொண்டு இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் எண்ணிறந்தவை.

எஸ்.ஏ.பி. நிறுவனத்தார் இதற்குக் கண்ட உபாயம் எளிமையானது. எனக்கு மிகவும் பிடித்தது. வெளியேயுள்ளவன் உள்ளே வருவதற்குப் பதிலாக, உள்ளேயுள்ளவன் வெளியே அழைப்பது. கொழும்பிலிருக்கும் மகன் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பதற்கு வீட்டில் வசதியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் காலையிலே மகனை அழைத்துவிட்டு, தொடர்பைத் துண்டியாமல் அப்படியே வைத்திருக்கின்றாள். இனி மகன் எப்பொழுது எதைக் கேட்டாலும் அதே தொடர்பினூடாகக் கேட்கலாம். தாய் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து பார்த்து விடை சொல்லலாம். தாய் அழையாவிட்டால் மகனுக்கு வழியில்லை. தாய் துண்டித்தால் பேச்சு அக்கணமே முடியும். படலைத் திறப்பு எப்பொழுதும் தாயின் மடியிலேயே இருக்கின்றது.

கிளவுட் கொனெக்டர், அதாவது முகில் இணைப்பான், என்னும் மென்பொருள் செய்வது இத்தாயின் வேலையே. அது கம்பனியின் கட்டடத்துக்குள்ளே ஒரு கணினியில் இருந்துகொண்டு, 443ஆம் இலக்கத் துறை வழியே முகிலை அழைக்கும். நாம் வங்கியின் பக்கத்தைப் பாதுகாப்பாகப் பார்க்கும்போது பயன்படுவதும் அதே துறைதான். ஆதலின் தீச்சுவரிலே உள்நோக்கிப் புதிதாக ஒரு துறையையும் திறக்கவேண்டியதில்லை. அழைப்பு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டுச் செல்லும். இடையிலே ஒட்டுக்கேட்பவனுக்குப் பொருளற்ற எழுத்துக் குவியலே கிடைக்கும். இவ்வாறு அமைந்த தொடர்பைச் சுரங்கவழி என்று அத்துறையினர் கூறுவர்.

நிறுவும் முறையை முழுவதும் விவரிப்பது இப்பகுதியின் நோக்கமன்று. ஆயினும் சிந்திக்கவேண்டிய இடங்கள் சில உண்டு. இம்மென்பொருள் ஜாவா மொழியில் எழுதப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ் முறைமைகளில் ஓடும். இரு வடிவிற் கிடைக்கின்றது. ஒன்று, கணினியிலே முறையாக நிறுவப்பட்டு, கணினி எழும்போது தானும் எழுவது. மற்றது, ஒரு கோப்புறையில் விரித்துவிட்டு ஓடவிடத்தக்க கைப்பெட்டி வடிவம். அது பழகுவதற்கும் பரிசோதிப்பதற்கும் உரியது. அவசரத்திலே கைப்பெட்டி வடிவத்தை விரித்துவிட்டு, அதுவே ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருக்க விடுவோரும் உளர். அது தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை.

நிறுவியபின், உலாவியிலே 8443ஆம் துறையில் அதன் நிருவாகப் பக்கம் திறக்கும். முதல் நுழைவுக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உலகம் முழுவதற்கும் ஒன்றே, கையேட்டிலே அச்சிடப்பட்டிருப்பவை. எனவே மென்பொருளே, புதிய கடவுச்சொல்லை இடு, பின்னரே மேலே போகலாம் என்று நிற்பாட்டிவிடும். இது நல்ல ஏற்பாடு. ஆனால், கேட்டவுடன் கம்பனியின் பெயரோடு ஆண்டிலக்கத்தைச் சேர்த்து எழுதுவோர்க்கு இவ்வேற்பாட்டாற் பயனில்லை. வேறொன்றும் உண்டு. அப்பக்கம் திறக்கும்போது சான்றிதழ் நம்பத்தக்கதன்று என்று உலாவி எச்சரிக்கும். மென்பொருள் தனக்குத்தானே கையெழுத்திட்ட சான்றிதழைக் காட்டுவதே காரணம். பலர் எச்சரிக்கையைத் தாண்டிப்போகப் பழகிவிடுகின்றனர். கம்பனியின் சான்றிதழ் அதிகாரியிடம் முறையான ஒன்றைப் பெற்று மாற்றிவிட்டால், பின்னொருநாள் உண்மையான ஆபத்து வரும்போது அவ்வெச்சரிக்கைக்கு மதிப்பிருக்கும்.

அடுத்தது, முகிலிலே கம்பனி எடுத்திருக்கும் கணக்கோடு இணைப்பானைப் பிணைப்பது. எந்தப் பிராந்தியம், எந்தத் துணைக்கணக்கு, அதிலே உரிமையுள்ள பயனர் யார் என்பவற்றைக் கொடுக்கவேண்டும். பயனரின் கடவுச்சொல் இந்த முதற் பிணைப்புக்கு வேண்டும். பிணைந்தவுடன் முகில் இணைப்பானுக்கு ஒரு சான்றிதழை வழங்கும். அன்றுமுதல் அச்சான்றிதழைக் காட்டியே அது தன்னை அறிமுகஞ் செய்துகொள்ளும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்குக் காலாவதி இல்லை. இதற்கு உண்டு; வழக்கமாக ஓராண்டு. அதற்குள் புதுப்பிக்கப்படாவிட்டால் ஒருநாள் காலையிலே சுரங்கவழி அடைபட்டுக் கிடக்கும். காரணந் தெரியாமல் எல்லாரும் ஓடித்திரிவர்.

காலாவதியான ஒரு சான்றிதழ் என்ன செய்யவல்லது என்பதை 2018ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆம் தேதி பிரித்தானிய மக்கள் கண்டனர். எரிக்சன் நிறுவனம் வழங்கிய மென்பொருளில் ஒரு சான்றிதழின் காலம் முடிந்துபோனமையால், ஓ2 என்னும் கைத்தொலைபேசி நிறுவனத்தின் தரவுச் சேவை ஒரு நாளளவுக்கு முடங்கியது. அவ்வலையமைப்பைச் சார்ந்திருந்தோர் தொகை ஏறத்தாழ 3 கோடி 20 இலட்சம். பகைவர் எவரும் வரவில்லை. கம்பி எதுவும் அறவில்லை. ஒரு தேதி கடந்தது, அவ்வளவே. ஆகையால், புதுப்பிக்கவேண்டிய நாளை ஒருவருடைய ஞாபகத்திலே விடாமல், காரியாலயத்து நாட்காட்டியிலே, இருவர் பார்வையிற் படும்படி எழுதிவைக்கவேண்டும்.

இப்பொழுது கடிதத்தின் முடிச்சுக்கு வருகின்றோம். சுரங்கவழி அமைந்துவிட்டது என்பதனாலே முகிலுக்கு உள்ளேயுள்ள யாவும் தெரிந்துவிடுவதில்லை. உள்ளேயுள்ள எந்தக் கணினியை, எந்தத் துறையிற் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொடுக்கவேண்டும். எழுதாதது எதுவும் தெரியாது. அவ்வாறு எழுதும்போது, உள்ளேயுள்ள கணினியின் உண்மைப் பெயரை வெளியே சொல்லாமல் ஒரு மாற்றுப் பெயரையும் சூட்டலாம். நம் பிள்ளைகளுக்கு வீட்டிலே அழைக்கும் பெயர் ஒன்று, இடாப்பிலே இன்னொன்று இருக்கின்றதல்லவா? வீட்டுப் பெயர் வெளியாருக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. இணைப்பான் இரு பெயர்களையும் அறிந்து, ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொடுக்கும்.

வலைப்பக்கங்களைப் பார்க்கும் முறையிலே இணைப்பதானால் இன்னும் நுணுக்கமாகக் கட்டுப்படுத்தலாம்: இந்தப் பாதையை மட்டும் பார், அந்தப் பாதையைப் பாராதே என்று இணைப்பானிடமே சொல்லிவைக்கலாம். ஆனால், தரவுத்தளத்தோடு நேரே பேசுவதற்கு ரீ.சி.பி. என்னும் அடிப்படை முறையையே கையாளவேண்டியிருக்கின்றது. உள்ளேயுள்ள ஹானாவின் துறை இலக்கம் 30015 போன்று ஒன்றாக இருக்கும். அவ்விலக்கத்தை எழுதிக்கொடுத்தால் இணைப்பான் அத்துறைவரை வழியைத் திறந்துவிடும். அதற்கப்பால் நடைபெறும் பேச்சு என்னவென்று அதற்குத் தெரியாது. தபாற்காரன் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். உள்ளே எழுதியிருப்பதை வாசித்து, இது தகும், இது தகாது என்று தீர்ப்புச் சொல்லமாட்டான். ஆகவே, இணைப்பான் இருக்கின்றது, பாதுகாப்பும் இருக்கின்றது என்று எண்ணியிருப்பது பிழை. ரீ.சி.பி. வழியிலே காவல் முழுவதும் தரவுத்தளத்தின் வாயிலுக்கே போய்விடுகின்றது. அவ்வாயிலிலே எந்தப் பயனரின் பெயரைச் சொல்லி முகில் நுழைகின்றது என்பதே முழுக் கேள்வியும்.

தலைமைப் பயனர் என்று முகாமையாளர் குறிப்பிட்டது, ஹானாவை நிறுவும்போதே பிறக்கும் சர்வாதிகாரப் பயனர். எதையும் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கு உரிமை வழங்கலாம். அன்றாட வேலைக்கு அப்பயனரைப் பயன்படுத்தவேண்டா, வேண்டிய பயனர்களை உருவாக்கியபின் அதனை முடக்கிவைக்க என்று எஸ்.ஏ.பி. நிறுவனமே தன் பாதுகாப்புக் கையேட்டிற் கூறுகின்றது. அத்தகைய பயனரின் கடவுச்சொல்லை முகிலிலுள்ள இணைப்பிற் பதிந்துவைத்தால், முகிற் பக்கத்திலே ஒருவருடைய கணக்குக் கைமாறினாலும், கம்பனியின் சம்பளப் பேரேடு முழுவதும் அவர் கைக்குப் போய்விடும். பார்ப்பது மட்டுமன்று, திருத்தவும் முடியும்.

நான் அத்தம்பிக்கு எழுதியது இதுவே. முதலில், மேலிடம் கேட்கும் அறிக்கை யாது என்பதைத் தெளிவாகக் கேளும். அவர் விசாரித்தபோது தெரியவந்தது: வேண்டப்பட்டது பிரிவுவாரியாக மாதாந்தச் சம்பளச் செலவு. அதாவது, தையற் பிரிவுக்கு இவ்வளவு, பொதிகட்டும் பிரிவுக்கு இவ்வளவு என்ற மொத்தங்கள். எந்தத் தொழிலாளியின் பெயரும், அடையாள அட்டை இலக்கமும், வங்கிக் கணக்கும் அதற்கு வேண்டியதில்லை. ஆகவே, உள்ளேயுள்ள தரவுத்தளத்தில் ஒரு நோக்கு அமைத்தாற் போதும். நோக்கு என்பது பெரிய பேரேட்டின்மேல் வைத்த துளையுள்ள அட்டை போன்றது. பிரிவு, மாதம், மொத்தம் என்னும் மூன்றும் மட்டுமே துளைகளினூடாகத் தெரியும். பின்னர், அந்நோக்கை வாசிக்கும் உரிமை ஒன்றைத் தவிர வேறெவ்வுரிமையும் இல்லாத புதிய பயனர் ஒருவரை உருவாக்கவேண்டும். முகிலிலுள்ள ஹானா அப்பயனரின் பெயரால் மட்டுமே உள்ளே வரட்டும். இவ்விரண்டையும் செய்ய, பழகிய கைக்கு அரை நாளே போதும். திங்கட்கிழமைத் தவணைக்கு இதனாற் பங்கமில்லை.

முகிற் பக்கத்திலே எஞ்சிய வேலை சிறிது. தரவுத்தளத்தின் அமைப்பிலே, இணைப்பான் வழியாக வெளித்தளங்களைப் பார்க்கலாம் என்ற அனுமதியை இடவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பான்கள் ஒரே கணக்கிலே இருக்குமாயின் ஒவ்வொன்றுக்கும் இட அடையாளம் என்று ஒரு பெயர் உண்டு. அப்பெயர் இரு பக்கத்திலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருத்தல் வேண்டும். முதன்முதல் இணைப்பவர்கள் மணிக்கணக்காகத் தலையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். பின்னர், மாற்றுப் பெயரையும் புதிய பயனரையும் கொடுத்துத் தொலைமூலம் ஒன்றைப் பதிந்து, அதன்மேல் ஒரு மெய்ந்நிகர் அட்டவணையை அமைத்தால், முகிலிற் கேட்கும் கேள்வி வீட்டுக்கு வந்து விடையோடு திரும்பும். தரவு முகிலிலே பிரதிசெய்யப்படுவதில்லை என்பது இம்முறையின் ஒரு நன்மை. இணையம் மெதுவாக இருக்கும் வேளையில் விடையும் மெதுவாக வரும் என்பது அதன் விலை.

இதையெல்லாம் மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது? இளைஞர் பலர் இவ்விடத்திலே இரண்டில் ஒன்று செய்கின்றனர்: வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்கின்றனர், அல்லது கோபித்துக்கொண்டு வாதாடுகின்றனர். இரண்டினாலும் பயனில்லை. ஒரு பக்கத்தில் எழுதிக்கொடும் என்றேன். இன்ன நோக்கு, இன்ன பயனர், இன்ன துறை, புதுப்பிக்கும் தேதி இன்னது. தலைமைப் பயனரைக் கொடுப்பதானால் திறக்கப்படுவன இவை. இரண்டிலொன்றைத் தெரிந்து கையொப்பமிடுக. கையொப்பம் என்றவுடன் அவசரம் எவ்வளவு விரைவாகத் தணிகின்றது என்பதைக் கந்தோர்களிற் பழகியோர் அறிவர். இலங்கையில் ஆட்களுடைய தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கின்றது என்பதையும், எடுத்த காரியத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஒருவருடைய தரவைக் கையாளலாகாது என்ற கொள்கை அதிலே இடம்பெற்றிருக்கின்றது என்பதையும் ஒரு வரியிற் சேர்த்துக்கொள்ளும்படி சொன்னேன்.

இவ்வளவு அச்சம் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசின் கணினி அவசரப் பிரிவு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. உலகெங்குமுள்ள 36 நிறுவனங்களின் எஸ்.ஏ.பி. முறைமைகள் ஒரு பழைய ஓட்டையினூடாகத் தாக்குதலுக்கு இலக்காகியிருந்தன என்பது செய்தி. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை எஸ்.ஏ.பி. 2010ஆம் ஆண்டிலேயே வழங்கிவிட்டது. ஆறு ஆண்டுகளாக மருந்து இறாக்கையிற் கிடந்தது, எடுத்துப் பூசுவாரில்லை. நம் நாட்டிலும், 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அரசாங்க முகில் எனப்படும் சேவை கப்பம் கோரும் தீநிரலாற் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்கப்படாமலே போயின. காலங்கடந்த மென்பொருளை மாற்றாமல் ஓடவிட்டிருந்தமை அப்பொழுது வெளிப்பட்டது. பூட்டு நல்லதாக இருந்தும் துருப்பிடிக்க விட்டால் வரும் கதி இது.

ஆகவே, இணைப்பானை நிறுவியதோடு வேலை முடிந்ததென்று கதிரையிற் சாயலாகாது. அதற்கும் புதிய பதிப்புகள் வரும், அவற்றை ஏற்றவேண்டும். ஏற்றும்போது சேவை தடைப்படாதிருக்க, தலைமை, நிழல் என இரண்டு இணைப்பான்களை இரு கணினிகளில் வைப்பர். தலைமை விழுந்தால் நிழல் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பாகப் பிரதியெடுத்து, கடவுச்சொல்லிட்டு, வேறிடத்தில் வைக்கும் வசதியும் அதிலுண்டு. யார் எப்பொழுது எதை மாற்றினார் என்பதைக் குறிக்கும் தணிக்கைப் பதிவேடு ஒன்றும் இருக்கின்றது. இணைப்பானை நிருவகிப்பவரும், அது ஓடும் கணினியை நிருவகிப்பவரும் ஒருவராக இல்லாதிருத்தல் நன்று என்பது கையேட்டின் புத்திமதி. பணப்பெட்டியின் திறப்பும் கணக்குப் புத்தகமும் ஒரே கையில் இருக்கலாகாது என்று நம் ஊர்ச் சங்கக்கடைகளில் முற்காலத்தார் வைத்திருந்த விதியும் இதுதான்.

பழைய ஏற்பாடு ஒன்றைப் பற்றியும் மாணவர்க்குச் சொல்லிவைக்கவேண்டும். எஸ்.ஏ.பி. முகிலின் முந்திய சூழலிலே, எதிர்த் திசையிலும் இணைப்பான் பயன்பட்டது. கம்பனியிலிருக்கும் அறிக்கைக் கருவி முகிலிலுள்ள தரவுத்தளத்தைப் பார்க்க விரும்பினால், இணைப்பானிலே ஒரு சேவைக் கால்வாயைத் திறந்து, அருகிலிருக்கும் தரவுத்தளம் போன்றே அதனோடு பேசலாம். அந்தச் சூழல் 2028ஆம் ஆண்டு முடிவோடு மூடப்படும் என்று நிறுவனம் அறிவித்துள்ளது. 2020இல் வந்த ஹானா முகிற் சேவையிலே, அத்திசைக்கு இணைப்பான் வேண்டியதில்லை. 443ஆம் துறையில் நேரே போகலாம். எந்த இணைய முகவரிகளிலிருந்து வருவோரை ஏற்பது என்ற பட்டியலை அங்கே எழுதிவைக்கவேண்டும். யாவரும் வரலாம் என்ற தெரிவும் அவ்விடத்திலே இருக்கின்றது. இலகுவாயிருப்பதனாலேயே பலர் அதைத் தொட்டுவிடுகின்றனர். ஆகவே, பழைய கையேட்டைப் பார்த்துப் புதிய சேவையை அமைக்க முயல்வோர் எந்தச் சூழலில் நிற்கின்றோம் என்பதை முதலில் அறிந்துகொள்க.

உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் படிக்கும் மாணவர்கள் இதைச் செய்துபார்க்க விரும்பினால் பெருஞ் செலவில்லை. பயிற்சிக்கென இலவசக் கணக்கு ஒன்றை எஸ்.ஏ.பி. நிறுவனத்திடம் பதிந்து பெறலாம். இணைப்பானின் கைப்பெட்டி வடிவமும், அதற்கு வேண்டிய ஜாவாவும் விலையின்றிக் கிடைக்கின்றன. முதலிலே தரவுத்தளத்தைத் தொடாமல், வீட்டுக் கணினியில் ஒரு சிறிய வலைப்பக்கத்தை ஓடவிட்டு, அதற்கு ஒரு மாற்றுப் பெயர் சூட்டி, ஒரேயொரு பாதையை மட்டும் திறந்து பாருங்கள். திறந்த பாதை முகிலிலிருந்து தெரிகின்றதா என்று பார்த்தபின், திறவாத பாதையையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அனுமதி இல்லை என்று விடை வரவேண்டும். அவ்விடை வந்த பின்னரே தரவுத்தளத்துக்குப் போகலாம்.